தோலடித் தையலா, உள்தோல் தையலா?

வயிற்று அறுவைக்குப் பின் தோலை மூடும் முறைகளைப் பற்றித் தமிழில் படிக்கும்போதெல்லாம் ‘தோலடித் தையல்’ கண்ணில் குத்துகிறது. ‘சப்கியூட்டிகுலர் சூச்சர்’ என்பதற்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இது தவறான பெயர்.

‘சூச்சர்’ தைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘தையல்’ அதற்கு அப்படியே பொருந்தும். ‘கியூட்டிகுலா’ மெல்லிய தோல், அதாவது மேல்தோல். ‘சப்’ என்றால் கீழே. ஆக, மேல்தோலுக்குக் கீழே என்பதுதான் பொருள். முழுத் தோலுக்கும் கீழே என்பதல்ல.

மேல்தோலுக்குக் கீழே உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு. இந்தத் தையலில் ஊசி உள்தோலுக்குள்ளேயே படுக்கைவாக்கில், இந்தக் கரையில் ஒரு கடி, அந்தக் கரையில் ஒரு கடி என்று மாறி மாறிப் போகும். வெளியே நூல் தெரியாது; கரையும் நூலானால் பிரிக்கவும் வேண்டாம். கொழுப்போடு அதற்கு வேலையே இல்லை. ‘தோலடி’ என்ற சொல்லோ ஏற்கெனவே கொழுப்பு அடுக்குக்கு உரியதாகிவிட்டது. இன்சுலின் போடுவது தோலடி ஊசி. சிசேரியனில் கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் அதைத் தனியாகத் தைத்து, பிறகு தோலை மூடுகிறார்கள். ‘தோலடித் தையல்’ என்ற பெயர் அந்த வேலைக்கே தகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

‘பழகிவிட்ட சொல், இருக்கட்டுமே’ என்பவர்களுக்கு ஒரு சான்று. செரிமானப் பாதை அறுவைக்குப் பிறகு, தோலைக் கவ்வி மூடும் உலோகப் பின்னையும் இந்தத் தையலையும் 1,080 பேரிடம் ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வு 2013-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. காயச் சிக்கல் தையலில் 8.4 விழுக்காடு, பின்னில் 11.5, புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை. இதைத் ‘தோலடித் தையல்’ என்று எழுதினால், கொழுப்பைத் தைத்துப் பார்த்த ஆய்வு என்றே வாசகர் நினைப்பார். ஆய்வு செய்யாத ஒன்றை அதன் தலையில் கட்டுகிறோம்.

‘மறைதையல்’ என்று பெயர் வைக்கலாமே என்றால், அது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆழத்தில் போடும் தையல்கள் எல்லாமே மறைந்திருப்பவைதாமே? எந்த அடுக்கு என்பதைச் சொல்வது ‘உள்தோல் தையல்’ ஒன்றுதான்.

உலோகப் பின்னின் ஆங்கிலப் பெயரான ‘ஸ்டேப்பிள்’ என்பதைப் ‘பிரதானம்’ என்று பெயர்த்திருப்பதையும் பார்த்துவிட்டேன். வார்டில் செவிலியர் ‘நாளைக்குப் பின்னை எடுக்க வேண்டும்’ என்கிறார். நோயாளிக்கு உடனே புரிகிறது. அகராதியின் முதல் பொருளை அள்ளிப் போடும் மொழிபெயர்ப்பாளர் அந்தச் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.