அசையாத எண்

மணலியில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐப்பசி மழை, மாலையிலிருந்து விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, வளாகத்தின் மறுகோடியில், மழைநீரை வெளியேற்றும் பம்ப் ஹவுஸ். அதன் தொட்டியில் தண்ணீர் மட்டம் 2.41 மீட்டர் என்று திரை பச்சை நிறத்தில் காட்டியது. நான் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஷிப்டுக்கு வந்த மூத்த டெக்னீஷியன் தலையைத் துவட்டியபடியே திரையைப் பார்த்தார்.

"தம்பி, இது எப்பலேர்ந்து 2.41?"

"சாயங்காலத்துலேர்ந்தே அண்ணே. ஏறவே இல்ல."

"இந்த மழையில தண்ணி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லியா?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே என்ன பார்த்தோம் என்பதற்கு முன், அந்த 2.41 திரைக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்த்துவிடலாம்.

வட சென்னை மேடு பள்ளம் அதிகமில்லாத பூமி. சாக்கடைக் குழாய் சரிவாகப் போனால்தான் கழிவுநீர் ஓடும். சரிந்துகொண்டே போனால் குழாய் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் ஆங்காங்கே பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேலே ஏற்றி, கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே மறுபடியும் சுத்திகரித்த நீர், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவுக்கு, மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வரும்படி ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர்க் குடிநீர் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். துறைமுகத்திலிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் குழாயில் வருகிறது. இப்படிச் சிதறிக் கிடக்கும் பம்புகளையும் வால்வுகளையும் ஓர் அறையில் உட்கார்ந்து கவனிக்கத்தான் ஸ்காடா (SCADA) என்ற கணினி அமைப்பு.

ஸ்காடா பம்பை ஓட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கட்டட வேலையில் கல் வைப்பவர் கொத்தனார். மேஸ்திரி பார்த்துக்கொள்வார், வேண்டுமானால் உத்தரவு போடுவார். ஸ்காடா மேஸ்திரி. கொத்தனார், பம்ப் ஹவுஸிலேயே பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி. என்ற சிறிய கணினி. மட்டம் இத்தனைக்கு ஏறினால் பம்பைப் போடு, இத்தனைக்கு இறங்கினால் நிறுத்து என்பதை அது தானாகவே செய்யும். மேஸ்திரி வராத நாளிலும் சுவர் எழும்பும்.

தொட்டிக்குள் கேபிளில் தொங்கும் சென்சார், தன் தலைமேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கிறது. அந்த அளவை மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறது: தொட்டி காலி என்றால் 4 மில்லி ஆம்பியர், 5 மீட்டர் நிரம்பினால் 20. பாதித் தொட்டிக்கு 12. மின்னழுத்தமாக அனுப்பினால் நீளமான ஒயரில் கொஞ்சம் தொலைந்துபோகும். ஒரே வளையத்தில் ஓடும் மின்னோட்டமோ எந்த இடத்தில் அளந்தாலும் ஒன்றுதான்.

சரி, காலித் தொட்டிக்கு 0 என்று வைத்திருக்கலாமே, ஏன் 4? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 0 என்று வைத்தால், தொட்டி காலியானாலும் 0, எலி ஒயரைக் கடித்தாலும் 0. இரண்டையும் பிரிக்க வழியில்லை. 4 என்று வைத்தால் காலித் தொட்டியும் "நான் காலி" என்று வாயைத் திறந்து சொல்கிறது. 3.6-க்குக் கீழே போனால் அது அளவல்ல, கோளாறு. போதாக்குறைக்கு, அந்த 4 மில்லி ஆம்பியரிலேயே சென்சாரும் தன் பிழைப்பை நடத்திக்கொள்கிறது. தனியாக மின் இணைப்பு வேண்டாம்.

பேனல்வரை இந்த நேர்மை இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் வம்பு. எண் ரேடியோவிலோ சிம் கார்டு வழியாகவோ கன்ட்ரோல் ரூமுக்குப் போக வேண்டும். 1979-இல் வந்து இன்றும் பரவலாகப் புழங்கும் மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில், கேட்டால் பி.எல்.சி. எண்ணை மட்டும் தரும். அது எப்போது அளந்தது, நம்பத்தக்கதா என்று சொல்லாது. பதிலே வராவிட்டால் திரை என்ன செய்ய வேண்டும் என்பது, அந்தத் திரையை வடிவமைத்தவரின் கையில். சோம்பேறித்தனமாகச் செய்திருந்தால், கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். பச்சை நிறத்தில்.

பின்னால் வந்த டி.என்.பி.3 போன்ற முறைகள், எண்ணோடு நேரத்தையும் தரத்தையும் சேர்த்து அனுப்ப வழி செய்தன. இன்னொரு எளிய வழி, நாடித்துடிப்பு மாதிரி. பம்ப் ஹவுஸ் கணினி விநாடிக்கு ஒருமுறை 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை நின்றால் கன்ட்ரோல் ரூமில் அலாரம்.

உத்தரவிலும் இதே சிக்கல் உண்டு. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், வால்வை மூடும் உத்தரவு போனதும் விளக்கு அணைந்தது. மூடிவிட்டது என்று நினைத்தார்கள். வால்வோ திறந்தபடி சிக்கிக்கொண்டிருந்தது; விளக்கு காட்டியது உத்தரவை மட்டும்தான். அதனால்தான் "பம்ப் ஓடு" என்று சொன்னதை "பம்ப் ஓடுகிறது" என்று திரையில் காட்டக் கூடாது என்பார்கள். மோட்டார் இழுக்கும் கரண்ட்டைப் பார்க்க வேண்டும். அதுவும் போதாது, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருந்தால் மோட்டார் மட்டும் ஜோராகச் சுற்றும். குழாயில் தண்ணீர் போகிறதா என்று அளந்தால்தான் நிச்சயம்.

திரை காட்டுவதை அப்படியே நம்பிவிடும் இந்தப் பலவீனத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியது, 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ். ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, முன்பு பதிவு செய்த நல்ல எண்களை ஆபரேட்டர்களுக்கு ஓட்டிக் காட்டியது.

எங்கள் பம்ப் ஹவுஸில் வைரஸ் எதுவும் இல்லை. ஆன்டெனா கேபிளின் கனெக்டர் உப்புக்காற்றில் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது, அவ்வளவுதான். பி.எல்.சி. தன் வேலையைச் சரியாகச் செய்து இரண்டு பம்புகளையும் போட்டிருந்தது. அதில் ஒன்று டிரிப் ஆகி நின்றுவிட்டது. தண்ணீர் மோட்டார் மேடைக்கு இரண்டு சாண் கீழே நின்றது. அண்ணன் பேனலைத் திறந்து ரீசெட் செய்தார், பம்ப் உறுமியது. மட்டம் இறங்கத் தொடங்கும்வரை இருவரும் நனைந்தபடியே நின்றோம்.

அடுத்த வாரம் திரையில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது வந்து சேர்ந்த நேரத்தைச் சிறிய எழுத்தில் போட்டோம். ஒரு நிமிடம் பழையதானால் எண் சாம்பல் நிறமாகிவிடும். நான் அதைத்தான் பார்ப்பேன். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். கிராஃபைத் திறந்து, கோடு கொஞ்சமாவது நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார்.