எலுமிச்சம்பழத்துக்கு அடங்காத மின்னஞ்சல் நிரல்

தன் மின்னஞ்சல் நிரல் திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்கிறது என்பதைத் தெரிவிக்க, மேற்கு மாம்பலத்து வாசகர் ஒருவர் உள்நாட்டுக் கடிதம் வாங்கி எழுதியிருந்தார். வேறு என்ன செய்வார், பாவம். ஓய்வுபெற்ற கணக்காளர். ஓரம்கூட விடாமல் நுணுக்கி எழுதிய கடிதம் பேரேடு போலவே வரிசையாக இருந்தது. சித்திரை மாதத்து மாலை ஒன்றில் மின்சாரம் போயிருக்கிறது. திரும்பி வந்ததும் நிரலைத் திறந்தால் இடப்பக்கம் பெட்டிகளின் பெயர்கள் தெரிகின்றன, வட்டம் சுற்றுகிறது, மூன்று எண்ணுவதற்குள் சாளரமே காணாமல் போகிறது. பதினேழு முறை முயன்று, பதினேழையும் குறித்து வைத்திருக்கிறார். தெருமுனைக் கடைப் பையன் வந்து பார்த்துவிட்டு "வைரஸ்" என்றான். நிரலை நீக்கினான், மறுபடி நிறுவினான், ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். நிரல் பதினெட்டாவது முறையாக மூடிக்கொண்டது. "என் மனைவி திருஷ்டி கழித்து எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டாள். அதற்கும் அடங்கவில்லை. இது ஏன் இப்படிச் செய்கிறது என்று விளக்குவீர்களா ஐயா?" என்று கடிதம் முடிந்திருந்தது.

எலுமிச்சம்பழத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆயுத பூஜையன்று கணினியின் காற்றுத் துளையில் சந்தனத்தை அப்பாதவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த மறுநிறுவல் இருக்கிறதே, அதுதான் நம் ஊரில் காசு வாங்கிக்கொண்டு செய்யப்படும் பெரிய பரிகாரம். எதற்கெடுத்தாலும் நீக்கு, மறுபடி நிறுவு. நிரல் இருக்கும் இடம் வேறு, உங்கள் கடிதங்கள் இருக்கும் இடம் வேறு. நிரலை நீக்கினாலும் கடிதங்களும் கணக்கு விவரங்களும் உங்கள் பெயரிலுள்ள தனிக் கோப்புறையில் அப்படியே இருக்கும், இருக்கவும் வேண்டும். பழுது அந்தக் கோப்புறைக்குள் இருந்தால், புதிதாக வந்த நிரலும் அதே பழுதைத்தான் திறக்கும். உப்பு டப்பாவில் சர்க்கரை இருப்பதைக் கவனிக்காமல் சமையல்காரரை மாற்றிய கதை இது.

அவர் கடிதத்தில் எனக்குப் பிடித்த தகவல், பதினேழு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது என்பது. ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று விழுந்திருந்தால் நினைவகச் சில்லின் மீதோ சூட்டின் மீதோ சந்தேகம் போயிருக்கும், தேடுவதும் கஷ்டம். ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே தடுக்கும் கல் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்விட்டேன்.

கல்லைப் பார்ப்பதற்கு முன், இத்தகைய நிரல்கள் பலவும் கடிதங்களை எப்படி வைத்திருக்கின்றன என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கோப்பு என்று நினைப்போம். 1970களின் யூனிக்ஸ் (விண்டோஸுக்கு மூத்த இயங்குதளம்) காலத்திலிருந்து வரும் முறை வேறு: பெட்டிக்கு ஒரே ஒரு கோப்பு, அதற்குள் எல்லாக் கடிதங்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக, இடைவிடாமல். ஒரு கடிதம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று எப்படித் தெரியும்? 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் முதலில் வந்தால் அங்கே புதுக் கடிதம். அவ்வளவுதான் அடையாளம். கடிதம் எழுதியவரே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கிவிட்டால்? நிரல் அதன் முன்னால் அம்பு முனை போன்ற ஒரு குறியைச் செருகிவிடும். பழைய மின்னஞ்சல்களில் சம்பந்தமில்லாமல் நிற்கும் அந்தக் குறியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் எழுதிப்போன ஓலைச்சுவடியில் செய்யுளின் தொடக்கத்தைத் தேடிய பதிப்பாசிரியர்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். ஐம்பது வருடமாகியும் இந்த முறை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

நம் கணக்காளரின் உள்பெட்டியில் சுமார் 14,000 கடிதங்கள், ஒரே கோப்பாக 1.7 ஜிபி. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இதைத் தலையிலிருந்து கால்வரை படித்துத்தான் பட்டியல் போட வேண்டுமென்றால், காபி ஆறிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1924இல் நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நிரலும் அதற்காகத்தான் கடிதக் கோப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கோப்பு வைத்துக்கொள்கிறது. நம் பழந்தமிழ்ப் பதிப்புகளின் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி இருக்குமே, அதே வேலை. அனுப்பியவர் யார், பொருள் என்ன, தேதி என்ன, கூடவே ஓர் எண். கடிதக் கோப்பின் முதல் பைட்டிலிருந்து எத்தனை பைட் தள்ளி இந்தக் கடிதம் தொடங்குகிறது என்பதே அந்த எண். 43,12,05,512 என்று இருந்தால், நிரல் நடுவில் எதையும் படிக்காமல் நேரே அந்த இடத்துக்குத் தாவிவிடும். நீங்கள் திரையில் பார்க்கும் பட்டியல் முழுவதும் இந்த முதற்குறிப்பிலிருந்து வருவதுதான். கடிதக் கோப்பை அது இன்னும் தொட்டிருக்கவே மாட்டாது.

இப்போது ஒரு கடிதத்தை அழிக்கிறீர்கள். 1.7 ஜிபி கோப்பின் நடுவிலிருந்து நாலு வரியை எடுத்தால், அதற்குப் பின்னால் உள்ளதை எல்லாம் முன்னால் நகர்த்த வேண்டும். நிரல் அந்த வேலைக்குப் போகாது. கடிதத்தின் தலைப்பகுதியில் ஒரு நிலைக்குறியை மட்டும் மாற்றி, 'அழிந்தது' என்று வைத்துக்கொள்ளும். கடிதம் அங்கேயேதான் இருக்கிறது, உங்களுக்குக் காட்டுவதில்லை. இப்படிச் சேர்ந்த குப்பை அதிகமானதும் ஒருநாள் "இடத்தை மீட்கலாமா?" என்று கேட்கும். 'சரி' என்றால், உயிருள்ள கடிதங்களை மட்டும் பொறுக்கி ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும். எழுதி முடித்ததும் பழைய கோப்பை நீக்கி, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டும். பிறகு முதற்குறிப்பையும் புதிதாக எழுதும்.

எந்த இடத்தில் இழுக்கிறது என்று பார்த்தீர்களா? புத்தகத்தின் நடுவே பத்துத் தாள்களை எடுத்துவிட்டு, மீதிப் பக்கங்களுக்குப் புது எண் போட்டாயிற்று. கடைசியில் இருக்கும் முதற்குறிப்பு அகராதி மட்டும் பழைய பக்க எண்களையே சொல்லிக்கொண்டிருக்கிறது. எடுத்த தாள்களுக்கு முன்னால் உள்ள செய்யுள்கள் சரியாகக் கிடைக்கும். அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொன்றும் தவறும். இரண்டு கோப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்றை எழுதி முடித்து மற்றொன்றை எழுதுவதற்குள் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும்.

அந்தக் கணம் நாம் நினைப்பதைவிட நீளமானது என்பதுதான் வேடிக்கை. நிரல் 'எழுதிவிட்டேன்' என்றதும் அது ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. டிஸ்க் மெதுவானது என்பதால் இயங்குதளம் வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சாவகாசமாக மொத்தமாக எழுதும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இப்படி 30 விநாடிவரை காத்திருக்கலாம். விண்டோஸுக்கும் இதே போன்ற பழக்கம் உண்டு. மின்சாரம் போனால் நினைவகத்தில் காத்திருந்தது போயே போய்விடும். 'உடனே டிஸ்க்கில் எழுது, எழுதிய பிறகு சொல்' என்று வற்புறுத்தக் கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் வேகம் குறையும் என்பதால் நிரல் எழுதுகிறவர்கள் சிக்கனமாகவே பயன்படுத்துவார்கள்.

மேற்கு மாம்பலத்தில் நான் முதலில் பார்த்தது இரண்டு கோப்புகளும் கடைசியாக மாறிய நேரத்தை. கடிதக் கோப்பு: மாலை 7.41. முதற்குறிப்பு: 7.15. கடிதக் கோப்பு மாறினால் அதை ஒட்டி முதற்குறிப்பும் மாற வேண்டும். இங்கே அது இருபத்தாறு நிமிடம் பின்தங்கி நின்றுவிட்டது. "அன்றைக்கு மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது சார்?" என்று கேட்டேன். நாட்குறிப்பைப் புரட்டினார். 7.42. அதற்குச் சற்று முன் நிரல் ஏதோ இடத்தைப் பற்றிக் கேட்டதும், தான் 'சரி' என்றதும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. இப்படி நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் வீட்டில்தான் பழுது பார்க்கப் போக வேண்டும்.

சரி, இடம் தவறியது. அதற்காக நிரல் ஏன் சாக வேண்டும்? திறந்தவுடன் அது கடைசியாக நீங்கள் பார்த்த கடிதத்தைக் காட்ட முயல்கிறது. முதற்குறிப்பு சொன்ன இடத்துக்குத் தாவுகிறது. அங்கே அனுப்பியவர் பெயரும் பொருளும் இருக்க வேண்டும். இருப்பதோ யாரோ அனுப்பிய புகைப்படத்தின் நடுப்பகுதி. மின்னஞ்சலில் படங்கள் எழுத்தாக மாறித்தான் பயணிக்கும்: மூன்று பைட் நான்கு எழுத்தாகும், வரிக்கு 76 எழுத்து, இடைவெளியே இல்லாமல் பக்கம் பக்கமாக. அந்தக் குவியலில் அனுப்பியவர் பெயரைத் தேடப் போன நிரல்பகுதி, 'கிடைக்கவில்லை' என்பதற்கு அடையாளமாகப் பூஜ்ஜியம் என்ற நினைவக முகவரியைத் திருப்பித் தருகிறது. வாங்கிக்கொண்ட பகுதி, பூஜ்ஜியமா என்று பார்க்காமலேயே அந்த முகவரியில் போய்க் கதவைத் தட்டுகிறது.

அந்த முகவரியில் வீடே கிடையாது. இயங்குதளம் வேண்டுமென்றே அதை யாருக்கும் ஒதுக்காமல் வைத்திருக்கிறது. நினைவகத்தைப் பொதுவாக 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, எந்தப் பக்கம் எந்த நிரலுக்கு என்று ஒரு பதிவேடு உண்டு. நுண்செயலி ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. முதல் பக்கத்துக்குப் பதிவே இல்லை. நுண்செயலி அந்த இடத்திலேயே கையை நீட்டித் தடுத்து இயங்குதளத்தைக் கூப்பிடுகிறது; அது வந்து நிரலை முடித்துவைக்கிறது. 'ஒன்றுமில்லை' என்பதற்கு ஒரு முகவரி கொடுக்கலாம் என்று 1965இல் ஒரு நிரல்மொழியில் சேர்த்தவர் டோனி ஹோர். அது தன் நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் அவரே மேடையில் சொன்னார்.

ஆக, சாளரம் சட்டென்று மறைவது காவலாளி செய்த வேலை. அவர் இல்லாவிட்டால் நிரல் தப்பான இடத்தில் நின்றுகொண்டு, நல்ல கடிதங்களின் மேலேயே எழுதியிருக்கவும் கூடும். நல்ல நிரல்கள் முதற்குறிப்பிலேயே கடிதக் கோப்பின் அளவையும் நேரத்தையும் குறித்துவைத்து, பொருந்தாவிட்டால் தாமே புதிதாக எழுதிக்கொள்ளும். அவருடையது பல வருடங்களாகப் புதுப்பிக்காத பதிப்பு. கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டது.

சென்னை ஐஐடியில் 'சக்தி' என்ற பெயரில் நுண்செயலி வடிவமைக்கிறார்கள். இப்படி முகவரி தவறிப் போவதை வன்பொருளிலேயே தடுக்கும் வழிகளையும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஆய்வுக்கு வெளியில் கைதட்டு கிடைப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்தால் நிதி ஓடி வருகிறது. மின்சாரம் போனாலும் கோப்பு கெடாத முறை என்று எழுதினால் குழுவில் கொட்டாவி விடுகிறார்கள் என்பது என் கட்சி. மின்தடை நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அதை நாம்தான் ஆராய வேண்டும்.

எல்லார் வீட்டிலும் இதே கல்தான் என்று சொல்ல மாட்டேன். நிரலோடு நாமே ஒட்டவைக்கும் துணைநிரல்களை அணைத்துவிட்டுத் திறக்கும் பாதுகாப்பு முறையில் நிரல் விழாமல் இருந்தால், அவற்றில் ஒன்று திருடன். பாதியை மட்டும் இயக்கிப் பாருங்கள், விழுகிற பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 இருந்தாலும் நான்கே சுற்றில் அகப்படும். வைரஸ் தடுப்பு நிரல், ஒரே ஒரு கெட்ட கடிதத்துக்காக உள்பெட்டிக் கோப்பு முழுவதையும் சிறையில் போடுவதும் உண்டு. சில பழைய நிரல்கள் இடத்தை எண்ண 32 பிட்டே வைத்திருக்கும். 2,14,74,83,647ஐத் தாண்டினால் அவற்றுக்கு எண்ணத் தெரியாது. அதுதான் 2 ஜிபி எல்லை.

மாம்பலத்தில் செய்த வேலை சின்னது. நிரலை மூடிவிட்டுக் கடிதக் கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்தேன். இது இல்லாமல் எதையும் தொடாதீர்கள். பழைய 'ஃபேட் 32' முறையில் உள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வாங்காது என்பதையும் கவனியுங்கள். பிறகு முதற்குறிப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டேன், அழிக்கவில்லை. நிரலைத் திறந்ததும் அது முதற்குறிப்பைத் தேடியது, காணவில்லை, கடிதக் கோப்பைத் தலையிலிருந்து படித்து, ஒவ்வொரு 'ஃப்ரம்' வரியாக எண்ணிப் புதிதாக எழுதத் தொடங்கியது. கீழே நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது. வெயிலுக்கு அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுங்களேன் என்று கேட்டேன். திருஷ்டிக்கு வைத்ததைக் குடிக்கக்கூடாது என்று அவர் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, காபி கொண்டுவந்து வைத்தார். குடித்து முடிப்பதற்குள் 14,000 கடிதங்களும் வந்துவிட்டன.

மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கடிதங்கள் தலைகீழாக, மிகப் பழையது மேலே வந்து நிற்கிறது என்றார். எந்த வரிசையில் காட்டுவது என்பதையும் அந்தப் பழைய முதற்குறிப்புதான் நினைவு வைத்திருந்தது. 'தேதி' என்ற தலைப்பின் மேல் ஒருமுறை சொடுக்குங்கள், மாறிவிடும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"வேண்டாம் ஐயா, இப்படியே இருக்கட்டும். நேற்று இரவு 2009 முழுவதையும் படித்து முடித்துவிட்டேன்."