கண்ணு மங்கலான புள்ளைக்கு மூக்கு வேலை செய்யுதான்னும் பாருங்க

போன வாரம் காசிமேட்டுலேர்ந்து ஒரு அம்மா பதினாறு வயசு பையனோட கண்ணாடி பவர் பார்க்க வந்தாங்க. பையனுக்கு அனிரிடியா, அதாவது கண்ணுல பாப்பாவைச் சுத்தி இருக்கற கலர் வளையம் பிறவிலயே கிடையாது, வெளிச்சம்னா கூசும், பார்வை கம்மி. பேச்சுவாக்குல சொல்றாங்க, விடிகாலைல இவங்க மீன் ஏலத்துக்குப் போயிட்டாங்களாம், வீட்ல கேஸ் டியூப் லீக், பையன் அடுப்பு பக்கத்துலயே உக்காந்து போன்ல பாட்டு கேட்டுட்டு இருந்திருக்கான், பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து கதவைத் தட்டலைன்னா அவ்ளோதான்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு மூக்கு ஷார்ப்பா இருக்கும்னு சொல்றாங்களே மேடம், இது இன்னாடான்னா மண்ணு மாதிரி உக்காந்துனு இருக்குது"ன்னு அவனையே திட்டறாங்க.

இதான் எனக்கு எரிச்சல். இந்த மாதிரி எனக்கு இது ரெண்டாவது கேஸ். கண்ணுல குறைச்சா கடவுள் மூக்குல கூட்டிக் குடுப்பார்னு எவர் சொன்னது? சிலர் வாசனையை கவனிச்சுப் பழகறாங்க, அது பழக்கம், வரம் இல்ல. அனிரிடியால விஷயமே தலைகீழ், கண்ணோட சேர்ந்து மூக்கும் மந்தமாகலாம். ஏன்னு ஒரு ஈயை வெச்சு சொல்றேன்.

வாழைப்பழம் கனிஞ்சா மொய்க்குமே பொடி ஈ, அது புழுவா இருக்கறப்பவே உள்ள ஒரு சின்ன திசு இருக்கும், அதுலேர்ந்துதான் கண்ணும் வருது, வாசனை பிடிக்கற கொம்பும் வருது. கண்ணே இல்லாத ஈ ஒண்ணு 1915லயே கிடைச்சுது, அதுக்குக் காரணமான ஜீன் நம்ம உடம்புல கண்ணு உருவாகத் தேவையான பாக்ஸ்6 ஜீனோட பங்காளின்னு 1994லதான் தெரிஞ்சுது, அடுத்த வருஷமே சுவிஸ்ல அதை ஈயோட கால்லயும் றெக்கைலயும் முடுக்கிவிட்டா அங்கெல்லாம் கண்ணு முளைக்குது, கொம்புல கூட! எலிக்கு இந்த ஜீன்ல அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு குடுத்த ரெண்டு பிரதியும் போச்சுன்னா கண்ணும் உருவாகாது, மூக்கும் உருவாகாது. மனுஷங்களுக்கு ஒரு பிரதி பழுதானாலே அனிரிடியா, அதுல சிலருக்கு வாசனையும் மட்டு. (மாமியாருங்களே, மருமக கிரகணத்துல வெளிய வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, விட்டுடுங்க.)

பையன் மூக்குகிட்ட காபித்தூள் வெச்சேன், ஒண்ணும் சொல்லல. கற்பூரம் வெச்சேன், "ஜில்லுனு இருக்கு"ன்னான். அம்மா முகம் மலர்ந்துடுச்சு, ஆனா அது வாசனை இல்லம்மா, அந்த ஜில்லுக்கு நரம்பே வேற. அதனால வீட்ல விக்ஸ், கற்பூரம் வெச்சு டெஸ்ட் பண்ணி ஏமாறாதீங்க. மணலி பக்கமிருந்து காத்து அடிச்சா தெருவே மூக்கைப் பொத்தும், இவன் மட்டும் சும்மா இருப்பானாம், அதையும் யாரும் கவனிக்கல. பொறந்ததுலேர்ந்து இல்லாததை இல்லன்னு அவனுக்கு எப்படி சொல்லத் தெரியும்? திட்டாதீங்க, ப்ளீஸ்.

கண்ணு பிரஷரை விடாம பார்க்கணும். குடும்பத்துல யாருக்கும் இல்லாம கைக்குழந்தைக்கு அனிரிடியா வந்திருந்தா ஜீன் டெஸ்ட் பண்ணுங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கிட்னி ஸ்கேன், கட்டி வர வாய்ப்பிருக்கு, சோம்பல் படாதீங்க. மீந்த குழம்பை மோந்து பார்த்து சாப்பிட சொல்லாதீங்க, டப்பால தேதி எழுதி வைங்க. கேஸுக்கு சொந்தமா வாசனையே கிடையாது, லீக் ஆனா தெரியணும்னுதான் நாத்தம் கலக்கறாங்க, அந்த நாத்தமே எட்டாத புள்ளைக்கு சத்தம் போடற அலாரம்தான் மூக்கு, ஒண்ணு வாங்கி மாட்டுங்க. வெளிய கிளம்பறப்ப ரெகுலேட்டரை மூடிட்டுப் போங்க. லீக்குக்கு 1906, அடுப்பங்கரை சுவத்துல எழுதி வைங்க, அவன் கண்ணுக்குத் தெரியற சைஸ்ல.