கடல்நீரில் இறங்கும் படகு ட்ரெய்லருக்கு எந்த உலோகம்?

படகை இறக்கும்போது ட்ரெய்லர் கடல்நீரில் நிற்பது ஐந்து, பத்து நிமிடம். அரிப்பின் பெரும்பகுதி, அது கரையேறி வீட்டுக் கொட்டகையில் சும்மா நிற்கும்போதுதான் நடக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீர் வற்றியதும் இடுக்குகளில் உப்புப் பொருக்கு மிஞ்சும். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் காற்று அதைவிட வறண்டிருப்பது அபூர்வம். அதனால் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் ட்ரெய்லரின் இடுக்குகள் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

பெயின்ட் அடித்த சாதா இரும்பு நன்னீர் ஏரிக்குப் போதும், கடலுக்கு வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவி, கொப்பளமாக எழும்பிய பிறகுதான் கண்ணில் படும்.

துத்தநாகப் பூச்சு கீறலைத் தாங்குவது வேறு காரணத்தால். இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் கரையும். கீறல் விழுந்த இடத்திலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். எத்தனை காலம் காக்கும் என்பது பூச்சின் தடிமனைப் பொறுத்தது. ஃப்ரேமை முழுதாக வெல்டு செய்து முடித்து, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தால், 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பில் சராசரி 70 மைக்ரான் பூச்சு ஏறும். கடையில் கிடைக்கும், ஏற்கெனவே துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை வெட்டி ஒட்டிய ட்ரெய்லரில் பூச்சு பெரும்பாலும் இதைவிட மெல்லியது. வெல்டிங் சூட்டில் ஒட்டிய இடத்தில் அதுவும் ஆவியாகியிருக்கும், மேலே வெள்ளி நிற பெயின்ட் மட்டும் இருக்கும். வெல்டிங் தழும்பைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். முக்கி எடுத்ததில் தழும்பின் மேலும் அதே சாம்பல் நிறப் பூச்சு ஓடியிருக்கும், குழாய் முனைகளில் துத்தநாகம் வடிய ஓட்டைகள் இருக்கும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கடலுக்குப் போகும் ட்ரெய்லர்களில் அலுமினியம் மிகச் சகஜம். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், உத்தரத்தின் உயரத்தைக் கூட்டியே ஆகவேண்டும். பெரும்பாலும் பயன்படுவது 6061-டி6 ரகம். வெல்டு செய்தால் சூடுபட்ட பகுதியின் இழுவிசை வலிமை ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். அதனால்தான் ஐ வடிவ உத்தரங்களை போல்ட் போட்டு இணைக்கிறார்கள். திறந்த வடிவம் என்பதால் குழாயைப்போல உள்ளே நீர் தேங்காது. என் பார்வையில் அலுமினியத்தின் பாதி வெற்றி இந்த வடிவத்துக்குச் சேரவேண்டியது.

அப்படியானால் எவர்சில்வரில் முழு ட்ரெய்லரே செய்துவிடலாமே என்று தோன்றும். விலை ஒருபக்கம் இருக்கட்டும், பெயரை நம்பக் கூடாது. நம் வீடுகளில் உப்பையும் ஊறுகாயையும் பீங்கான் ஜாடியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எவர்சில்வரைக் காப்பது குரோமியம் ஆக்சைடு படலம். அது சிதைந்தால் மீண்டும் உருவாக ஆக்சிஜன் வேண்டும். போல்ட் தலைக்கும் வாஷருக்கும் இடையே தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும், குளோரைடு சேரும், அமிலத்தன்மை ஏறும். வெளியே பளபளக்கும் போல்ட்டைக் கழற்றினால் கழுத்து இளைத்திருக்கும். 304 ரகத்தில் இது சீக்கிரம் நடக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

இரண்டு உலோகம் சேரும் இடத்தில் உப்புநீர் இருந்தால் அது பேட்டரிதான். அகன்ற அலுமினிய உத்தரத்தில் சிறிய எவர்சில்வர் போல்ட் போட்டால் சேதம் மெதுவாகவே நடக்கும், ஓட்டையைச் சுற்றி வெள்ளைப்பொடி பூக்கும். எவர்சில்வர் தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் வெகு சீக்கிரம் காணாமல் போகும். கரையும் உலோகம் சிறிதாக இருந்தால் மொத்த மின்னோட்டமும் அதன்மேல் விழுகிறது. அச்சைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை முக்கியெடுத்த துத்தநாகப் பூச்சிலேயே வாங்குங்கள். எவர்சில்வர் போட்டே ஆகவேண்டிய இடத்தில் நைலான் வாஷரும் ஸ்லீவும் வையுங்கள். மரையில் பூட்டாமல் தடுக்கும் கிரீஸ் தடவாவிட்டால் நட்டு இறுகிப்போய், கழற்றும்போது போல்ட் முறியும்.

படகு உட்காரும் மரக்கட்டையில் செம்பு கலந்த பூச்சிக்கொல்லி ஏற்றியிருந்தால் அலுமினியத்தை நேரடியாகத் தொடவிடாதீர்கள். பிரேக் குழாய்க்கு 90:10 செம்பு-நிக்கல் கலவை நல்ல தேர்வு.

கழுவும்போது மேலே மட்டும் பீய்ச்சுவதில் பயன் குறைவு. குழாய் ஃப்ரேமாக இருந்தால் ஹோஸை முன்முனைக்குள் விட்டு, பின்முனையில் வழியும் நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்; கரிப்பு நின்ற பிறகு ஹோஸை எடுக்கலாம்.