ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

போன வாரமும் அதே கதைதான். வடசென்னையின் கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் மாணவி. டேலி மென்பொருளில் கணக்குப் பதிவதில் வகுப்பிலேயே கைவேகம் அவருக்குத்தான். இலவசப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பத்தை எல்லாம் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் ஆதார் சரிபார்ப்புக்கு வந்து நின்றுவிட்டார். ஓடிபி போனது கணவரின் எண்ணுக்கு. அவரோ எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில். பலமுறை அழைத்த பிறகு எடுத்தவர், "என்ன ஓடிபி? எவனாவது பணம் பிடுங்கப் பார்க்கிறானா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவர்கள் நாம்தானே. பேசி முடிப்பதற்குள் ஓடிபியின் கெடு முடிந்துவிட்டது. விண்ணப்பத்துக்கும் அன்றுதான் கடைசி நாள்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதிப் பெண்களுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாடம் புரியாமல் நின்றுவிட்டவர்கள் குறைவு. மீன் ஏலத்தில் மனக்கணக்கு போடுகிறவர்களுக்கு எக்செல் கூட்டல் ஒரு பொருட்டே அல்ல. பாடத்துக்குள் நுழையும் முன்பே நிற்கவைக்கப்பட்டவர்கள்தான் அதிகம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "வீட்டில்தான் போன் இருக்கிறதே!" திட்டம் போடுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள், வீட்டுக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் போன் காலையில் கணவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. மாலையில் வந்ததும் பையன் பிடுங்கிக்கொள்கிறான். இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி, மறுநாள் தண்ணீர் லாரிக்குக் குடங்களை எடுத்துவைத்துவிட்டு அவள் கையில் எடுக்கும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கிறது. இது நேரப் பிரச்சினை மட்டும் என்றும் எண்ணிவிடாதீர்கள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது கணவரின் எண். ஆண் ஆசிரியர் "நாளை வகுப்பு உண்டு" என்று போட்டால்கூட வீட்டில் விசாரணை. சந்தேகம் கேட்டு ஒரு வரி எழுதவும் அவள் யோசிக்கிறாள். பயோடேட்டா பையனின் மின்னஞ்சலிலிருந்து போகிறது; அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ விளையாட்டுப் பட்டப்பெயர். ராயபுரம் மாணவி ஒருவருக்கு நேர்முகத் தேர்வுக்கான அழைப்பை மாமியார் எடுத்து, "அவள் கடைக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த நிறுவனம் மறுபடி கூப்பிடவில்லை.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு கேள்வியைச் சரியாகக் கேட்டது: நீங்களே பயன்படுத்தும் கைபேசி இருக்கிறதா? இந்தியப் பெண்களில் 53.9 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. ஆனால் 2017இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் கிராமக் குடும்பங்களுக்கு மட்டுமே இருந்தது. மாநகரத்தில் இருக்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு போலும். புளியந்தோப்புக்கு வந்து பார்த்திருக்கலாம்.

2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. வகுப்புக்கு வந்து போகும் செலவு குறைந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையும் வந்தது. அந்த ஆயிரம் ரூபாய் வரவான குறுஞ்செய்தி யார் போனில் மணி அடிக்கிறது என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். பட்டன் போனில் போட்டாலும் ஓடிபி வரும். ஆதாரில் எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போனால் போதும். கைரேகை கேட்பார்கள், வேறு ஆவணம் தேவையில்லை, இடைத்தரகரும் தேவையில்லை. வாங்கிய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைக்காதீர்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத எண்ணை முடக்கிவிடலாம். பிறகு அது வேறு யாருக்கோ போய்விடும், உங்கள் ஓடிபியும் கூடவே போகும். மின்னஞ்சல் கடவுச்சொல்லை நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பாதுகாப்பு நிபுணர்கள் என்னைத் திட்டட்டும். மறந்துபோய் மூன்றாவது கணக்கு திறப்பதைவிட இது மேல்.

வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, லேப்டாப் காப்பீடு, எந்தப் பெயரில் கேட்டாலும் இல்லைதான். வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிழை அதிகம், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டிப் பணம் கறக்கிறவர்களும் இருக்கிறார்கள். பயந்து கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் அழுதுகொண்டு உட்காராமல் அப்போதே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும். உண்மையான படிப்புக்கு எவ்வளவு ஆகும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் சேர்ந்து படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

பயிற்சி நடத்தும் சக ஆசிரியர்களுக்கு: சேர்ந்த முதல் வாரம் மவுஸ் பிடிக்கச் சொல்லித் தருவதைத் தள்ளிவையுங்கள். சொந்த எண், ஆதாரில் அந்த எண், அவள் பெயரிலேயே மின்னஞ்சல், இவற்றை முடித்துவிட்டுப் பாடத்துக்குப் போங்கள்.

அண்ணன்மார்களே, தம்பிகளே, உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புதுப் போன் வாங்கும்போது பழையதை பர்மா பஜாரில் தள்ளிவிடாதீர்கள். அங்கே என்ன பெரிதாகக் கொடுத்துவிடப் போகிறார்கள்? கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் இருக்கும் பெண்ணிடம் கொடுங்கள். கொடுத்த பிறகு அதைத் திறந்து பார்க்காதீர்கள்.