120 மைக்ரான், 60 ஜிஎஸ்எம்: பிளாஸ்டிக் தடையில் கொங்குக் கடைக்காரர்கள் அறிய வேண்டியவை

கோவை ஒப்பணக்கார வீதி, ஈரோடு ஈஸ்வரன் கோயில் வீதி, கரூர் ஜவகர் பஜார் என எங்கே போய்ப் பை மொத்தமாக விலை கேட்டாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும். "இது 120 மைக்ரானுக்கு மேலுங்க, அரசாங்கமே அனுமதித்ததுதான்" என்பது ஒன்று. "இது பிளாஸ்டிக்கே இல்லைங்க, துணிப்பை, 60 ஜிஎஸ்எம்" என்பது மற்றொன்று. முதல் பதில் தமிழ்நாட்டில் செல்லாது. இரண்டாவதில் முன்பாதி தவறு (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்). பின்பாதி உச்ச நீதிமன்றம் வரை போய்வந்த விஷயம். இவற்றை நம்பிச் சரக்கு வாங்கி வைத்து அபராதம் கட்டுபவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். விதி என்ன சொல்கிறது என்பதை அவர்களுக்கு யாராவது ஒருமுறையாவது நிதானமாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நம் தலைமேல் இருப்பது ஒரு சட்டம் அல்ல, இரண்டு. மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. 2021 ஆகஸ்டில் பெரிய திருத்தம் கண்டன. அந்தத் திருத்தப்படி பிளாஸ்டிக் கைப்பையின் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் குறைந்தது 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைக்காரர்கள் சொல்லும் 120 கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் தமிழ்நாடு அதற்கு முன்பே தனி வழியில் போய்விட்டது. 2018 ஜூன் 25ஆம் தேதியிட்ட அரசாணை எண் 84, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 பொருள்களைத் தயாரிப்பது, இருப்பு வைப்பது, கொண்டுசெல்வது, விற்பது, பயன்படுத்துவது அனைத்தையும் அது தடை செய்கிறது. கைப்பையைப் பற்றி அந்த ஆணையில் இருக்கும் சொற்கள்தான் முக்கியம்: எந்த அளவானாலும், எந்தத் தடிமனானாலும் தடை. ஆகவே 120 மைக்ரான் என்ற முத்திரை மத்திய விதிக்குப் போதுமானதாக இருக்கலாம். தமிழ்நாட்டில் அது செல்லாது. இந்தத் தடை செல்லும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.

பட்டியலில் கைப்பையோடு வேறு என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால், நம் ஊர் அன்றாடம் அப்படியே தெரியும். சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, தெர்மாகோல் தட்டு, தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் தேநீர்க் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பூசிய பை, நான்-ஓவன் (நெய்யாத) பை, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் கொடி. கல்யாண மண்டபம் நடத்துபவரும் பேக்கரி வைத்திருப்பவரும் இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு மேல், 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் இன்னொரு தடைப் பட்டியலும் அமலில் இருக்கிறது. மேடையில் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டும் அலங்காரத் தெர்மாகோல், இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, பிளாஸ்டிக் கரண்டி, ஐஸ்கிரீம் குச்சி, பலூன் குச்சி, காது குடையும் பிளாஸ்டிக் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் எல்லாம் அதில் அடக்கம். மண்டபங்களில் தெர்மாகோல் இன்றும் சாதாரணமாகத் தொங்குகிறது. அலங்காரக்காரரை மட்டும் இதில் குறை சொல்ல முடியாது. கேட்டு வாங்குபவர்கள் நாம்தான்.

இனி அந்த நான்-ஓவன் பை. ஜவுளிக் கடையில் புடவையைப் போட்டுத் தரும் பை; தொட்டால் துணி போல இருக்கும், கைப்பிடியும் தைத்திருக்கும். ஆனால் அது பாலிப்ரோப்பிலீன். பிளாஸ்டிக்கை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, அவற்றைத் தாறுமாறாகப் பரப்பி, சூடான உருளையால் புள்ளி புள்ளியாக அழுத்தி ஒட்டவைத்துச் செய்வது. பாவு, ஊடை எதுவும் கிடையாது. தறி ஓடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். பருத்திப் பையில் நூல் வரும், இதில் வராது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த அழுத்தப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். சிறு துண்டு வெட்டி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். இது தீ தொடும் முன்பே சுருங்கி, உருகி, சொட்டி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். வீட்டு வாசலில் வெயில் படும் ஆணியில் இந்தப் பையைச் சில மாதம் மாட்டி வைத்திருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். எடுக்கப் போனால் கையோடு தூளாக உதிரும். அது மக்குவது அல்ல. பிளாஸ்டிக் சிறு துகளாக நொறுங்கி, மண்ணிலும் சாக்கடையிலும் கலக்கிறது. பிறகு அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது.

மத்திய விதியில் நான்-ஓவன் பை 60 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது, அதாவது ஒரு சதுர மீட்டர் 60 கிராமுக்குக் குறையக் கூடாது என்று மட்டும்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசாணையில் எடை வேறுபாடு இல்லாமல் முழுத் தடை. இதை எதிர்த்தும் காகிதக் கப் தடையை எதிர்த்தும் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் மீதான தடையை உறுதி செய்தது. நான்-ஓவன் பை விஷயத்தில் மட்டும், திருத்தப்பட்ட மத்திய விதியைக் கருத்தில் கொண்டு மறுபரிசீலனை செய்யுமாறு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் திருப்பி அனுப்பியது. ஆகவே இந்தப் பையில் முதலீடு செய்ய நினைப்பவர், விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், உங்கள் மாவட்டத்தில் உள்ள வாரியத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் இன்றைய நிலையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். "உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அது உண்மை அல்ல.

காகிதக் கப் பற்றிப் பேக்கரிக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வெறும் காகிதம் தேநீரைத் தாங்காது. உள்ளே மெல்லிய பாலித்தீன் பூச்சு இருப்பதால்தான் ஒழுகாமல் நிற்கிறது. அந்தப் பூச்சால் அது மக்காது. காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிப்பது கடினம் என்பதால் பழைய பேப்பர் கடையும் வாங்காது. கண்ணாடி டம்ளரைக் கழுவ ஓர் ஆள் வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் கோவையில் பேக்கரி வாசலில் நின்று தேநீர் குடிக்கும் பழக்கம் கண்ணாடி டம்ளரில்தான் வளர்ந்தது. கொதிக்கும் தேநீரை பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, முடிச்சுப் போட்டுப் பார்சல் தருவது இன்னும் மோசம்; தூக்குப் போசியோ பிளாஸ்கோ கொண்டுவரச் சொல்லிக் கேட்டால் வாடிக்கையாளர் ஓடிப்போக மாட்டார்.

தடையில் விலக்குகளும் உண்டு. பால், பால் பொருள்கள், எண்ணெய், மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான உறைகள், நாற்றங்கால் பைகள், ஏற்றுமதிக்காக மட்டுமே அதற்குரிய மண்டலங்களிலும் அலகுகளிலும் தயாராகும் பைகள், தரச்சான்று முத்திரை பெற்ற மக்கும் பைகள் ஆகியவை விலக்கில் வருகின்றன. ஆவின் பால் பாக்கெட்டைக் காட்டி "அது மட்டும் பிளாஸ்டிக் இல்லையா?" என்று ஆய்வாளரிடம் வாதாடிப் பயனில்லை. சொட்டுநீர்க் குழாய், மாட்டுக்குக் கட்டும் நைலான் கயிறு, கரூர்க் கொசுவலை, நிழல்வலை எதுவும் தடைப் பட்டியலில் இல்லை, இருக்கவும் கூடாது. வறண்ட கொங்கு மண்ணில் சொட்டுநீர்க் குழாய் பல வருடம் உழைக்கிறது. பத்து நிமிடம் கையில் இருந்துவிட்டு நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடக்கும் பொருள்மீதுதான் இந்தத் தடை.

அபராதம் கடையின் அளவைப் பொறுத்தது. 2019இல் அரசு வகுத்தபடி, தெருவோரச் சிறு கடைக்கு முதல் முறை 100 ரூபாய், இரண்டாம் முறை 200, மூன்றாம் முறை 500. மளிகை, மருந்துக் கடை போன்ற நடுத்தரக் கடைக்கு 1,000, 2,000, 5,000. பெரிய ஜவுளிக் கடை, சூப்பர் மார்க்கெட், வணிக வளாகத்துக்கு 10,000, 15,000, 25,000. மொத்தமாக இருப்பு வைப்பவருக்கும் லாரியில் கொண்டுசெல்பவருக்கும் 25,000, 50,000, ஒரு லட்சம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் உரிமத்தையே ரத்து செய்யலாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என உள்ளாட்சி அமைப்புகளே வசூலிக்கின்றன. கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். என் கருத்து ஒன்று உண்டு: பூக்கார அம்மாவிடம் 100 ரூபாய் வாங்குவதைவிட, அவருக்குக் கவர் விற்ற மொத்த வியாபாரியின் கிடங்கைத் திறப்பதில்தான் தடையின் வெற்றி இருக்கிறது.

மாற்றுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. கோபி, சத்தி வாழை இலை, மேட்டுப்பாளையம், பொள்ளாச்சிப் பாக்குமட்டைத் தட்டு, திருப்பூர், சோமனூர் துணி எல்லாம் இங்கேயே இருக்கின்றன. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின்கீழ், 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்கள் சந்தைகளிலும் பொது இடங்களிலும் வைக்கப்படுகின்றன. வளாகத்தைப் பிளாஸ்டிக் இல்லாமல் மாற்றிக் காட்டும் பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு மஞ்சப்பை விருதும் உண்டு. பரிசுத் தொகை 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் ரூபாய்.

பின்னலாடை நிறுவனங்களுக்கு வேறொரு பொறுப்பு இருக்கிறது. பனியனைச் சுற்றும் பாலி உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்ற விதியின்கீழ் வருகிறது. 2022 பிப்ரவரி 16இல் அறிவிக்கப்பட்ட அந்த விதிப்படி, உறைகளைத் தயாரிப்போர், இறக்குமதி செய்வோர், தம் பிராண்டில் சரக்கை விற்போர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக்குக்கு ஈடாக மறுசுழற்சிக் கணக்குக் காட்ட வேண்டும். பிராண்ட் உரிமையாளர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் இந்தக் கடமை இல்லை. சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேயும் நடைமுறையில் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நொய்யல் கரையில் அதிகம் கண்ணில் படுவது அவைதான்.

பாலியெஸ்டர் சட்டைக்கு எந்தத் தடையும் இல்லை. தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் நூலும் ஒரே வேதிப்பொருள் என்பதால் பாட்டிலை உருக்கி நூலாக்க முடிகிறது; 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல மேலாடையின் துணி அப்படிக் கரூரில் தயாரானது. இது நல்ல தொழில். ஆனால் பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்க்கிறது, அவை கழிவுநீரோடு போகின்றன. அதற்கு இன்னும் விதி வரவில்லை. பச்சைத் தண்ணீரில், இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்தால் உதிர்வது குறையும்.

கையில் தடைசெய்யப்பட்ட சரக்கு மீதமிருந்தால் எரிக்காதீர்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதும் விதிமீறல்தான். பிவிசி கலந்திருந்தால் அந்தப் புகையில் டையாக்சின் நஞ்சு இருக்கும். குளத்துமேட்டில் கொட்டினால் சோறு ஒட்டிய கவரை மாடு தின்னும். அது வயிற்றில் செரிக்காமல் தங்கி, மெல்ல மாட்டையே கொல்லும். சரக்கை உள்ளாட்சி சுகாதார ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீலகிரி மாவட்டத்தில் தடை இன்னும் கடுமையானது. இங்கே தடையில்லாத தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானப் பாட்டிலுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. குன்னூர் வழியில் பர்லியாறு சோதனைச்சாவடியிலும் கோத்தகிரி வழியில் குஞ்சப்பனையிலும் வண்டியைச் சோதித்துப் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் விதிப்பார்கள். மேட்டுப்பாளையத்திலேயே எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.