வளர்ச்சித் திட்டத்தில் மின் மீட்டருக்கு இடம் இருக்கிறதா?

ஆற்றல் தணிக்கைக்காக எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: விடுதிக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, அதன் பதிவேடு யாரிடம் இருக்கிறது?

ஒரு வளாகத்தில் பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினொரு மாதக் கணக்கும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தது. தூசி படிந்த மீட்டர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த எண்ணுக்கும் பதிவேட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சித் திட்டத்தில் 'பசுமை வளாகம்' என்று தனி அத்தியாயமே இருக்கிறது.

பதிவேடு எழுதிய ஊழியரை நான் குறை சொல்லமாட்டேன். வளாகம் முழுவதற்கும் ஒரே உயரழுத்த இணைப்பு, மாதம் ஒரே பில். அதைக் கட்டுவது நிதி அலுவலகம். எந்தத் துறை எத்தனை யூனிட் செலவழித்தது என்று எந்தத் துறைத்தலைவருக்கும் தெரியாது. தெரியாததை எப்படிக் குறைப்பார்கள்?

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பான 'நாக்' (NAAC), தன் மதிப்பீட்டில் பசுமைத் தணிக்கையையும் ஆற்றல் தணிக்கையையும் பார்க்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் குழு வருவதற்கு முந்தைய மாதம் எங்களைக் கூப்பிட்டால் அறிக்கைதான் கிடைக்கும், யூனிட் குறையாது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 1997-இல் நீடித்த வளர்ச்சிக்கென ஒரு கொள்கையை ஏற்றது. மறு ஆண்டே அதற்கு அலுவலகம் திறந்தது. 2010-இல் அது வைத்த இலக்கைப் பாருங்கள்: 2007-ஆம் ஆண்டின் அளவிலிருந்து பசுங்குடில் வாயுக்களை 2015-க்குள் 33 சதவீதமும் 2020-க்குள் 67 சதவீதமும் குறைப்பது. எங்கிருந்து, எவ்வளவு, எப்போதுக்குள் என்று மூன்றுமே அதில் இருக்கின்றன. அதற்காகக் கட்டடங்களைச் சூடாக்கிவந்த நீராவி அமைப்பையே கைவிட்டு வெந்நீர்க் குழாய்களைப் பதித்தார்கள். மரம் நடும் விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் இது நடக்காது. கட்டுமான முதலீட்டிலேயே இதற்கு இடம் வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி (BLDC) விசிறி சுமார் 30 வாட். புது விடுதியில் 3,000 விசிறிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 1,350 யூனிட். ஒரு நாளைக்கு! டெண்டரில் வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் பழைய வகைதான் வரும், அதன் மின்கட்டணம் பல ஆண்டுகள் தொடரும். ஆயுட்கால மின்செலவையும் சேர்த்தே விலைப்புள்ளிகளை ஒப்பிட வேண்டும் என்று நிதிக்குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். அந்த ஒரு வரி, நீங்கள் எழுதும் பசுமை அத்தியாயம் முழுவதையும்விடப் பெரிது.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு நிறுவனத்திடமும் வளர்ச்சித் திட்டம் கேட்கிறது. அதை எழுதும் குழுவில் நீங்கள் இருந்தால், முதலாண்டு வரவுசெலவிலேயே கட்டடத்துக்கு ஒரு மீட்டர் கேளுங்கள். மாதந்தோறும் அளவெடுப்பவரின் பதவியையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு வளாகத்தில் விடுதிக் காப்பாளர் ஒருவர் மாதாந்திர யூனிட்டை உணவுக்கூடப் பலகையில் எழுதத் தொடங்கினார். விடுமுறை மாதத்திலும் எண் குறையாததை மாணவர்கள்தான் கவனித்தார்கள். தேடிப் போனபோது, தரைக்கடியில் உடைந்திருந்த ஒரு குழாய்க்காக ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது.